கணுக்கால் மூட்டு: இணைப்பதா, மாற்றுவதா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து உள்ளது ஜீவனஹள்ளி. அங்கு வசிக்கும் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். எலும்பு கூடிவிடுகிறது, அவரும் வேலைக்குத் திரும்புகிறார். சில ஆண்டுகள் சென்றபின், படியிறங்கும்போதும் மேடுபள்ளங்களில் நடக்கும்போதும் வலி தோன்றுகிறது. மூட்டு வீங்கி விறைக்கிறது. காயத்தைத் தொடரும் மூட்டுத் தேய்வு என்பது இதுவே.

இடுப்பும் முழங்காலும் பெரும்பாலும் வயது முதிர்வினால் தேய்கின்றன. கணுக்காலின் நிலை வேறு. தேய்ந்த கணுக்கால்களில் 10-க்கு ஏறக்குறைய 7 முன்பு அடிபட்டவையே. இதன் காரணத்தை 1976-ஆம் ஆண்டில் ராம்சே, ஹாமில்டன் என்போர் செய்த சோதனை விளக்குகிறது. மூட்டின் அடியிலுள்ள டாலஸ் என்னும் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் விலகினாலே, எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. முழு உடலின் பாரமும் அச்சிறு பரப்பின்மீது அழுந்துவதால் குருத்தெலும்பு தேய்கிறது.

வலி நீக்கும் மருந்து, உடல் எடைக் குறைப்பு, தாங்கு காலணி ஆகியவை முதற் சிகிச்சைகள். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின், எலும்பை வெட்டிச் சாய்வைத் திருத்துவதும் உண்டு. மூட்டு முழுவதும் தேய்ந்தபின் எஞ்சும் முக்கிய வழிகள் இரண்டு.

முதலாவது, மூட்டை இணைத்தல். மீதமுள்ள குருத்தெலும்பைச் சுரண்டி நீக்கி, எலும்புகளை ஒன்றோடொன்று அழுத்திக் கூடச் செய்வர். இவ்வழுத்த முறையை இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1951-இல் விவரித்தார். இன்று இதற்குப் பெரும்பாலும் திருகாணிகள் பயன்படுகின்றன. எலும்பு கூடினால் வலி பெரிதும் தணியும். ஆனால் அம்மூட்டின் அசைவு போய்விடும். பாரம் அண்டை மூட்டுகளுக்கு மாறுவதால், அவை நாளடைவில் தேயக்கூடும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடாமற் போகும் அபாயம் அதிகம்.

இரண்டாவது, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துதல். பிரான்சில் லார்ட், மரோட் ஆகியோர் 1970-இல் இதனைத் தொடங்கினர். ஆரம்பகால மூட்டுகள் பல தளர்ந்துபோயின. பிற்கால அமைப்புகள் மேம்பட்டவை. அசைவு ஓரளவு நிலைக்கும். எனினும் தளர்ந்தால் மறுபடியும் ரண சிகிச்சை தேவைப்படும்.

இவற்றுள் எது சிறந்தது? பிரிட்டனில் 50 முதல் 85 வயது வரையுள்ள 303 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒப்பீட்டின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப்பின் இரு சாராரும் முன்னிலும் நன்றாக நடந்தனர். முறைகளுக்கிடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. செயற்கை மூட்டில் காயம் ஆறாமையும் நரம்புப் பாதிப்பும், இணைப்பில் இரத்த உறைவும் மிகுதியாக இருந்தன. ஓராண்டு முடிவு நெடுங்காலத்துக்குத் தீர்ப்பாகாது.

ஆகவே, தேர்வு நோயாளியின் வாழ்க்கையைப் பொறுத்தது. பாரம் சுமக்கும் இளவயதினருக்கு இணைப்பும், அண்டை மூட்டுகள் தேய்ந்த முதியவருக்குச் செயற்கை மூட்டும் பொதுவாகக் கருதப்படும். குந்தி உட்காரும் பழக்கமுடையோர், இரண்டிலும் அது முன்போல் இயலாமற் போகலாம் என்பதை முன்னரே அறிதல் நலம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடிய உதவி இதற்கு முந்தியது. கணுக்கால் வீங்கி, ஊன்ற முடியாதவரை நீவி விடுமாறு அனுப்பாமல், எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். முறிந்த எலும்பு உரிய இடத்தில் அமைந்தால், பிற்காலத் தேய்வின் அபாயம் குறையும்.