பேக்கரிப் பொருள்களும் கோஷர் சான்றும்

கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் மக்கள், கொச்சி யூதர்கள், பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய பாக்தாதி யூதர்கள் ஆகியோர் இந்திய யூதர்களுள் முக்கியமானவர்கள். 1948 இல் இஸ்ரேல் நாடு அமைந்த பின்னர் இவர்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இன்று சில ஆயிரம் பேரே இங்கு வாழ்கின்றனர். சமூகம் பெரியதாக இருந்த காலத்தில், எந்தக் கடையின் ரொட்டி தங்கள் சமய விதிக்கு உகந்தது என்பதை மக்கள் நேரிலேயே அறிந்திருந்தனர். அந்த அறிமுகம் குறைந்துவிட்ட நிலையில், வீட்டில் கேக் செய்ய விரும்புவோரும் பொட்டலத்தின் மீதுள்ள குறியையே நம்ப வேண்டியுள்ளது.

விதிகள் யாவை?

யூத உணவு விதிகளுக்கு உகந்த உணவு 'கோஷர்' எனப்படும். பன்றி இறைச்சியும், செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ் உயிர்களும் விலக்கப்பட்டவை. அனுமதிக்கப்பட்ட விலங்காயினும் விதிப்படி அறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணலாகாது. இவ்விரண்டும் கலவாத உணவு 'பார்வே' எனப்படும். இறைச்சி உணவுக்குப் பின் பரிமாறும் கேக் பார்வேயாக இருத்தல் அவசியம். பெனே இஸ்ரேல் இல்லங்களில் பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் பெரிதும் பயன்படுவதற்கு இவ்விதியும் ஒரு காரணம்.

பச்சைக் குறி போதுமா?

இந்தியாவில் பொட்டல உணவுகளில் சைவ உணவுக்குரிய பச்சைக் குறி இடம் பெற்று வருகிறது. இது பயனுள்ள வழிகாட்டியேயாயினும், கோஷர் சான்றுக்கு ஈடாகாது. பாலும் பால் பொருள்களும் பச்சைக் குறியின் கீழ் அடங்குவதால், ஒரு பொருள் பார்வேயா என்பதை அக்குறி தெரிவிப்பதில்லை. மாறாக, முட்டை சேர்ந்த கேக்கிற்கு அசைவக் குறி இடப்படுகிறது. ஆனால் கோழி முட்டை கோஷர் விதிப்படி பார்வேயாகும். ஆகவே, பச்சைக் குறி உள்ளதெல்லாம் உகந்தது என்றோ, இல்லாததெல்லாம் விலக்கத்தக்கது என்றோ கொள்ள இயலாது.

கவனிக்க வேண்டிய பொருள்கள்

கலப்பில்லாத சர்க்கரை, உப்பு, சமையல் சோடா போன்றவற்றில் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. மாவைப் பூச்சியின்றிச் சலித்துக்கொள்வது நன்று. கூட்டுப் பொருள்களிலேயே ஐயம் தோன்றுகிறது. கேக்கை மிருதுவாக்கும் 471 என்ற எண்ணுள்ள குழம்பாக்கி, தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் தயாரிக்கப்படக்கூடியது. எண் மட்டும் அதன் மூலத்தைக் காட்டாது. எசென்ஸ்களில் சேரும் கிளிசரினும் அத்தகையதே. சிலவகை பேக்கிங் பவுடரில் சேரும் டார்டார் உப்பு, திராட்சை மது தயாரிப்பின் படிவிலிருந்து கிடைப்பதாகும். திராட்சை மதுவுக்குத் தனி விதிகள் உள்ளன. ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. அதற்கு மாற்றாக, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் அகர் என்னும் சைனா கிராஸ் பயன்படுகிறது.

மூலப்பொருள் தூயதாயினும், அதே இயந்திரத்தில் உகந்ததல்லாத பொருள் சூடாக்கப்பட்டிருப்பின் அதுவும் ஏற்கத்தக்கதன்று. அத்தகைய சாதனங்களை நன்கு கழுவி, 24 மணி நேரம் பயன்படுத்தாது வைத்து, பின்னர் கொதிநீரால் தூய்மைப்படுத்துவது வழக்கம். தொழிற்சாலையை நேரில் பார்வையிடாமல் சான்று வழங்க இயலாமைக்கு இதுவே காரணம்.

சான்று கிடைக்கும் வழி

ஏற்றுமதிச் சந்தையை முன்னிட்டு, மசாலைப் பொருள்கள், கொத்தவரைப் பிசின், சமையல் எண்ணெய் முதலியவற்றைத் தயாரிக்கும் இந்திய ஆலைகள் பல கோஷர் சான்று பெற்றுள்ளன. எனினும் உள்நாட்டில் விற்கும் பொட்டலங்களில் அக்குறி அச்சிடப்படாமலும் இருக்கலாம். எனவே, உற்பத்தியாளரிடம் சான்றிதழின் நகலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதில் குறிப்பிட்ட பொருளின் பெயர், தயாரிக்கும் ஆலை, செல்லுபடியாகும் காலம், பால் பொருளா பார்வேயா என்ற விவரம் ஆகிய நான்கையும் சரிபார்த்தல் அவசியம். வட்டத்திற்குள் 'யு' என்ற ஆங்கில எழுத்துடைய குறிக்கு அருகில் 'டி' என்ற எழுத்து இருப்பின் அது பால் சார்ந்ததைக் குறிக்கும்.

ஏற்றுமதிக்கெனப் பெற்ற சான்றை உள்நாட்டுப் பொட்டலத்திலும் அச்சிடுவதற்கு ஆகும் செலவு சிறிதேயாகும். அதனால், எண்ணிக்கையில் சிறியதொரு சமூகம் தன் பண்டிகைப் பலகாரங்களை ஐயமின்றிச் செய்துகொள்ள வழி பிறக்கும். பொருளில் அடங்கியிருப்பது யாது என்பதை முழுமையாக அறியும் வாய்ப்பு ஏனைய நுகர்வோருக்கும் பயன் தருவதே ஆகும்.