பாலத்தடியில் ஒரு பழைய உணவுச்சாலை

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பியுண்ணும் உணவுகளுள் 'ஸ்டேக்' ஒன்று. தடித்த மாட்டிறைச்சித் துண்டத்தைக் கடுந்தீயில் வாட்டி, உப்பும் வெண்ணெயும் அன்றி வேறு அதிகம் சேர்க்காது பரிமாறுவதே அதன் முறை. சரக்குத்தூளின் மணத்தில் வளர்ந்த நமது நாவுக்கு இஃது எளிமையிலும் எளிமையாகத் தோன்றலாம். நம்மவருட் பலர் மாட்டிறைச்சியைத் தொடாதவருமாவர். எனினும் குறையை மறைப்பதற்குக் குழம்பு இல்லாத சமையல் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே பொருளின் தரமும் அடுப்பின் பக்குவமுமே பேசும். இவ்விரண்டையும் நம்பி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் உணவுச்சாலை ஒன்றின் வரலாறு, உண்பாருக்கும் உண்ணாதாருக்கும் ஒருங்கே சிந்தனை தருவதாகும்.

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பேர்க் என்னும் இடத்தில் அது இருக்கிறது. ஜேர்மனியக் குடியேறிகள் நிறைந்திருந்த அச்சூழலில் 1887ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. அன்று அது உணவுக்கு மட்டுமான இடமன்று. பில்லியாட்ஸ் மேசைகளும் பந்துருட்டி விளையாடும் கூடமும் அங்கே இருந்தன. உரிமையாளர் பீற்றர் லூகர். அடுக்களைப் பொறுப்பு அவருடைய மருமகன் கார்லிடம் இருந்தது. 1903ஆம் ஆண்டிலே மன்ஹட்டனையும் புரூக்ளினையும் இணைத்து வில்லியம்ஸ்பேர்க் பாலம் திறக்கப்பட்டபோது, அதன் அடிவாரத்தில் நின்ற இவ்வுணவுச்சாலைக்கு ஆற்றின் அக்கரையிலிருந்தும் ஆட்கள் வரலாயினர்.

1941இல் பீற்றர் லூகர் காலமானார். மகன் காலத்தில் உணவுச்சாலை நலிந்தது. 1950இல் ஏலத்துக்கு வந்தது. வீதியின் எதிர்ப்புறத்தில் உலோகப் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த சோல் போர்மன் என்பவர், தம் வாடிக்கையாளரை ஆண்டுக்கணக்காக அங்கே அழைத்துச்சென்று விருந்தளித்து வந்தவர். மிகக் குறைந்த விலையொன்றை அவர் கேட்டார். ஏலத்தில் விலை கேட்டவர் வேறொருவரும் இலர்! உண்ணச் சென்றவர் உரிமையாளரானார்.

ஆனால் உண்ணத் தெரிந்தவருக்கெல்லாம் இறைச்சியைத் தெரியத் தெரியுமா? அந்தக் கல்வியை மேற்கொண்டவர் அவர் மனைவி மார்ஷா போர்மன். ஓய்வுபெற்ற அரசாங்கத் தரப் பரிசோதகர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டு, இறைச்சிச் சந்தைகளில் இரண்டாண்டு காலம் அவர் பயின்றார் என்பர். தசையினூடே வெண்ணிறக் கொழுப்பு நுண்ணிழைகளாகப் பரந்திருக்கிறதா, நிறம் எத்தகையது, எலும்பு இளமையானதா என்று நோக்கித் தேர்தல் வேண்டும். 'பிரைம்' என்பது அமெரிக்க அரசாங்கம் வழங்கும் உயர்ந்த தரச்சான்று. அச்சான்று பெற்றவற்றிலும் தம் கண்ணுக்கு ஒவ்வாதவற்றை அவர் ஒதுக்கினார். மீன்சந்தையிலே வியாபாரியின் வாய்மொழியை நம்பாது செவுளை விரித்துப் பார்க்கும் நமது தாய்மாரின் விழிப்பு இதுவேயன்றோ! ஆடவரே நிறைந்திருந்த அச்சந்தையில் மார்ஷா கற்ற கலை அவருடைய புதல்வியருக்கும் பின்னர் பேர்த்திக்கும் கைம்மாறியது.

தேர்ந்த இறைச்சி உடனே அடுப்பேறுவதில்லை. உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிர் அறையில், காற்றுப்படச் சில வாரங்கள் வைக்கப்படும். நீர் வற்றச் சுவை செறிகிறது. இறைச்சியில் இயல்பாகவுள்ள நொதியங்கள் தசைநாரை மென்மையாக்குகின்றன. காய்ந்து கறுத்த மேற்புறத்தைச் சீவி எறிந்துவிடுவர். எடையிலே நட்டம், சுவையிலே இலாபம்.

உண்ணும் கூடத்தில் ஆடம்பரம் இல்லை. விரிப்பில்லாத மரமேசைகள், வெள்ளை மேலங்கி அணிந்த பணியாளர். பழகியவர்கள் உணவுப் பட்டியலைக் கேளார். 'இருவருக்கு ஸ்டேக்', 'மூவருக்கு ஸ்டேக்' என்பதே அவர்களின் கட்டளை. வருவது 'போட்டர்ஹவுஸ்' என்னும் துண்டம். 'ரி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவான எலும்பின் ஒருபுறம் மிக மென்மையான தசையும் மறுபுறம் சுவைமிக்க தசையும் அதில் உண்டு. கடுந்தீயில் வாட்டி அறுத்து, உருகிய வெண்ணெயோடு சீறும் தட்டில் கொணர்ந்து, தட்டின் ஒருபுறத்தைச் சிறு கோப்பைத் தட்டின்மேல் சாய்த்து வைப்பர். தாழ்ந்த பக்கத்திலே தேங்கும் சாற்றைக் கரண்டியால் அள்ளி இறைச்சியின்மேல் வார்த்துப் பணியாளரே பரிமாறுவார். பக்கத்தில் தக்காளியும் வெங்காயமும் தடித்த வட்டங்களாக இருக்கும். நெடுங்காலமாகக் கடன் அட்டையை ஏற்காத இடம் என்பதும் இதன் புகழின் ஒரு பகுதி.

இத்தகைய புகழுக்கு 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சோதனை நேர்ந்தது. 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் உணவு விமர்சகர் பீற் வெல்ஸ், இவ்வுணவுச்சாலைக்கு ஒரு நட்சத்திரமும் வழங்காது கடுமையாக எழுதினார். இறாலும் உருளைக்கிழங்கும் மாத்திரமன்றி, ஸ்டேக்கின் பக்குவமும் வந்தவரை நடத்தும் முறையும் அவர் கண்டனத்துக்குள்ளாயின. அதற்குக் குடும்பத்தினர் அளித்த விடை கவனித்தற்குரியது. விமர்சகரும் அவர்தம் விருப்பங்களும் மாறியிருக்கலாம். ஒவ்வோர் இறைச்சியையும் குடும்பத்தவர் ஒருவரே தேர்ந்து வாங்கும் வழக்கம் மாறவில்லை என்பதே அவ்விடையின் சாரம்.

கண்டனம் அடுப்பையும் பரிமாறுதலையும் பற்றியது. விடையோ சந்தையைப் பற்றியது. விடையில் பொய்யில்லை. ஆயினும் கேள்வி அவ்வாறே நிற்கிறது. மூத்தோர் தேடிவைத்த சிறந்த பொருள் கையிலிருப்பது ஒன்று. இன்று நம் முன் அமர்ந்திருப்பவருக்கு அதைப் பக்குவமாகப் படைப்பது மற்றொன்று. பழந்தமிழ் நூல்களை வகுப்பறையிலே எடுத்துரைக்கும் ஆசிரியருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நூலின் பெருமை பாடத்தின் குறையை ஈடுசெய்வதில்லை.

2022இல் 'மிச்சலின்' வழிகாட்டி நூலும் தான் வழங்கியிருந்த நட்சத்திரத்தை மீட்டுக்கொண்டது. ஆயினும் கூட்டம் குறைந்து கதவடைக்கவில்லை. 2021இல் தோக்கியோவிலும் 2023இல் லாஸ் வேகாஸிலும் கிளைகள் எழுந்தன. புகழ், தரத்தைக் கடந்தும் சில காலம் நடக்கவல்லது. ஆனால் 1950இன் ஏலத்தை அக்குடும்பம் மறந்திருக்க முடியாது. அன்றும் அதே கட்டடமும் அதே பெயரும் இருந்தன. விலைகேட்க ஒரேயொருவர்தாம் வந்தார். அந்தப் பெயரை மீண்டும் வாழவைத்தது, இரண்டாண்டு சந்தையிலே நின்று பாடங்கேட்ட ஒரு பெண்மணியின் பொறுமை.