பழைய இழையில் பதில் போடலாமா?

விண்டோஸ் எக்ஸ்பி-யில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று 2011-ல் ஒருவர் இணையக் களம் ஒன்றில் புலம்பியிருப்பார். பத்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து, ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று ஒரு வரி தட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். தேதியைப் பார்க்காத நாலு பேர், ‘டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்’ என்று வரிந்துகட்டிக்கொண்டு யோசனை சொல்வார்கள். அந்த பிரிண்டர் காயலான் கடைக்குப் போய் எத்தனை காலமோ!

பெரும்பாலான களங்களில் கடைசியாகப் பதில் விழுந்த இழைதான், அதாவது கேள்வி-பதில் தொடர்தான், பட்டியலின் உச்சியில் நிற்கும். ஒருவர் பழசைக் கிளறினால், இன்று காலை கேட்ட கேள்வி ஒரு படி கீழே இறங்கிவிடும். களத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர்களுக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ரெட்டிட் தளம் ஆறு மாதம் கடந்த பதிவுகளை வெகுகாலம் தானாகவே பூட்டிவந்தது. 2021-ல்தான் அந்த முடிவை அந்தந்தக் குழுக்களிடமே விட்டது. நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதற்கு நேரெதிர். கேள்வி கேட்டு 60 நாளுக்குப் பிறகு எழுதிய பதில் 5 மதிப்பெண் எடுத்தால் ‘நெக்ரோமான்சர்’ (செத்தவரை எழுப்பும் மந்திரவாதி) என்று பதக்கமே கொடுக்கிறது. 2009-ல் சரியாக ஓடிய நிரல் இன்று பிழை காட்டலாம். யாராவது புதுப் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்? என் ஓட்டு இந்தப் பக்கம்தான்.

விக்கிப்பீடியாவின் வழக்கம் இன்னும் நாகரிகமானது. முடிந்த உரையாடல்கள் தொகுப்புப் பக்கங்களுக்குப் போய்விடும். அவற்றில் யாரும் கைவைப்பதில்லை. மறுபடி பேச வேண்டுமானால் புதுத் தலைப்பு தொடங்கி, பழையதற்கு இணைப்பு கொடுக்க வேண்டும்.

புதுத் தகவல் இருந்தால் தாராளமாகப் பழைய இழையைத் திறக்கலாம். ‘நன்றி’, ‘எனக்கும்’ என்று சொல்ல மட்டும் வேண்டாம். அதைவிட மோசம், எட்டு வருடத்துக்கு முந்தைய வாக்குவாதத்தைத் தோண்டியெடுத்து, ‘அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே’ என்று ஒருவரை மடக்குவது. அவர் கருத்தை எப்போதோ மாற்றிக்கொண்டிருக்கலாம்.

ஆனால், எனக்கு ஆத்திரம் வருவது வேறொருவர் மேல். கேள்வி கேட்டு, கடைசியில் ‘சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போகிறாரே, அவர் மேல். எப்படிச் சரியானது? அதே கோளாறோடு தேடி வருபவர் அந்தப் பக்கத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்.

அப்படி நீங்கள் பாதியில் விட்டுவந்த கேள்வி எங்காவது இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. போய்த் தீர்வை எழுதிவிடுங்கள். மட்டுறுத்துநர் திட்டினால் திட்டட்டும்.