ஆறு தெளிவு; ஆபத்து மறைவு!

தம்பி! மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலே பகலெல்லாம் உழைத்தவன், மாலையிலே சங்கராபரணியில் முழுக்குப் போடுவது உல்லாசமல்ல, உரிமை! அந்த நீரிலே மலம் கலந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டியது யார்? ஆட்சி!

அளவுகோல் உண்டு. குளிக்கும் நீர் 100 மில்லிலிட்டரில் மலக் கோலிபாரம் 500க்குள் இருப்பதே நன்று, 2500ஐத் தாண்டவே கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆனால், அது எண்ணுவது பாக்டீரியாவை, வைரசை அல்ல!

விளைவு? டில்லியைக் கேள்! 1955 இறுதியிலே, குடிநீருக்கு எடுத்த யமுனை நீரில் சாக்கடை புகுந்தது. குளோரினைக் கூட்டினர். பாக்டீரியா மடிந்தது, டைபாய்டு பெருகவில்லை. வைரஸ் பிழைத்தது, 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை! நீந்துபவன் வாயிலும் ஆற்றுநீர் புகத்தானே செய்கிறது?

வழி இருக்கிறது. பாக்டீரியாவை அழிக்கும் வைரசுக்கு, 1917லே, பாரிசிலே, பெலிக்ஸ் தெரேல் இட்ட பெயர் பாக்டீரியோபேஜ். அதிலே ஈ. கோலையைத் தாக்கும் கோலிபேஜ் சாக்கடையிலே ஏராளம். மனிதனுக்குத் தீங்கு செய்யாது. நோய் வைரசைப் போல நீரிலே தாக்குப்பிடிக்கும். ஈ. கோலை வளர்த்த தட்டிலே ஆற்றுநீரை விட்டால், மறுநாள் தெளிந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சாட்சி!

பாக்டீரியாவோடு பேஜையும் எண்ணுக! எண்ணிய கணக்கைக் குளிக்கும் துறையிலே, தமிழிலே, எழுதி வைத்திடுக!