பின்னாடி இறக்கலாமா பாஸ்?

"மச்சி, பின்பக்கம் மட்டும் நாலு இன்ச் இறக்கிட்டா வண்டி செம கெத்துடா!" - பழைய பிக்கப் வண்டியைப் பார்த்ததும் இப்படி டயலாக் விடுற ஆளா நீங்க? கையைக் கொடுங்க, நானும் அதே கேஸ்தான்! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற தைரியத்துல, லீவுக்குப் பள்ளங்கி போனப்போ மாமாவோட பழைய பிக்கப்ல கை வைக்கப் பார்த்தேன். அங்கே வாங்கின பல்புதான் இந்தக் கட்டுரை!

கொடைக்கானல் பக்கத்துல இருக்கிற பள்ளங்கியில, பிக்கப்ங்கிறது சோறு போடுற வண்டி. கேரட், உருளைக்கிழங்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு... எல்லாமே அதுலதான் மலை இறங்கணும். பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி பூண்டுச் சந்தை வரைக்கும் வளைவுக்கு மேல வளைவு!

காலியா நிக்கும்போது பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே, அது டிசைன் கோளாறு இல்லை. லோடு ஏறினா உட்காரட்டும்னு விட்டு வெச்ச இடம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின எஃகுப் பட்டைகள்தான் அந்த எடையைத் தாங்குது.

இறக்குறதுக்கு வழி இருக்கு. ரெண்டு பட்டையைக் கழட்டலாம், வளைவை நிமிர்த்தலாம், ஆக்ஸிலுக்கு மேல இருக்கிற பட்டையைக் கீழே மாத்தலாம். முதல் ரெண்டுல பலம் போச்சு. மூணாவதுல பலம் அப்படியே இருக்கும், ஆனா உட்கார இடம் போச்சு. மூட்டை ஏத்தினா ஆக்ஸில் நேரா ரப்பர்ல போய் முட்டும்.

வில்லன் என்ட்ரி!

"இறக்கிடலாம் தம்பி. பிரேக்குக்கு என்ன பதில் சொல்வீங்க?" - மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில கையைக் காட்டினார். சேஸிஸ்ல ஒரு வால்வு. அதுல இருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பி. பல பிக்கப்கள்ல இது உண்டு. பாடி எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு பார்த்து, 'லோடு இருக்கு, இல்லை'ன்னு கண்டுபிடிச்சு, பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புற வால்வு.

இப்போ வண்டியை இறக்கிட்டோம்னு வைங்க. காலி வண்டியையே 'ஃபுல் லோடு'ன்னு அது நம்பிடும். பிரேக்கை மிதிச்சா, எடையே இல்லாத பின் சக்கரம் சட்டுனு லாக் ஆகும். மழை, மூடுபனி, ஒரு பக்கம் பள்ளம்... மீதியை நீங்களே யோசிங்க!

இதுக்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. நிறைய லோடு அடிக்கலாம்னு கூடுதலா பட்டை சேர்த்தா, வண்டி உயரும். வால்வு 'காலி'ன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைக்கும். மொத்த பாரமும் முன் பிரேக் தலையில!

சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டுமே சேர்ந்தும் வரலாம்.

கடைசியில என்ன பண்ணோம்? உடைஞ்சிருந்த ஒரு பட்டையையும் தேஞ்ச புஷ்ஷையும் மாத்தினோம். அவ்ளோதான்.

மறுநாள் விடியக்காலை பூண்டு மூட்டை ஏற ஏற, தூக்கிக்கிட்டு நின்ன பின்பக்கம் மெதுவா உட்கார்ந்து மட்டத்துக்கு வந்துச்சு. மாமா என்னைப் பார்த்துச் சிரிச்சார். "என்ன மாப்ளே, நீ கேட்ட நாலு இன்ச் வந்துருச்சா?"