ஊர் நடு எங்கே இருக்கிறது?

பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் பேருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுகிறது. வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை என்று புலவர் பெயர்கள் சில வளைவுகளுக்கு. பாரி, காரி, ஓரி என்று வள்ளல் பெயர்கள் மற்றவற்றுக்கு. தமிழ் முதுகலை படித்த எனக்கு இந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டே ஏறுவது ஒரு பழக்கம். மேலே போனதும் அத்தனாவூர். பேருந்து நிற்கும் இடம், டீக்கடைகள், விடுதிகள், புங்கனூர் ஏரிப் படகுத்துறைக்குப் போகும் வழி எல்லாம் அங்கேதான். கோடை விழா நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது.

ஏலகிரியின் நடு எது என்று யாரைக் கேட்டாலும் அத்தனாவூரைத்தான் காட்டுவார்கள். மலையில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமான் வாங்கவும், பஸ் பிடிக்கவும், பலாப்பழம் விற்கவும் அங்கே வருகிறார்கள். இப்படி ஓர் இடத்தை மேம்படுத்தப் போகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான். கார் நிறுத்த இடம் முதலில் வருமா, பலாப்பழத்தோடு வெயிலில் நிற்கும் அம்மாவுக்கு நிழல் முதலில் வருமா? எதைச் செய்தாலும் மேம்பாடு என்றுதான் பெயர். எது முன்னால் வர வேண்டும் என்பது, பேசிய கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

மலையிலிருந்து கீழே இறங்கினால் கேள்வி இன்னும் கனமாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துச் சேரிகளில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்பார்கள். அதே ஊராட்சியில் வாக்குள்ளவர், அதே ஊர்ப் பெயரில் ஆதார் அட்டை வைத்திருப்பவர், தோல் தொழிற்சாலைக்கு அதே பேருந்து நிறுத்தத்திலிருந்து போகிறவர். ஆனாலும் ஊர் என்பது அவருக்கு வேறு எங்கோ இருக்கிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. சொல் போய்விடும், பேருந்து நிறுத்தத்துக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே விளக்கில்லாத தூரம் அப்படியே இருக்கும். அந்தத் தூரத்தை ஆவணத்தில் திருத்த முடியாது.

பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் எல்லோரும் நுழையலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. பொது இடத்துக்குள் போகலாம் என்பது அந்தத் தீர்மானம் தந்த உரிமை. எது பொது இடம், அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமைக்கு 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் வரை, அதாவது 1993 வரை, நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உரிமையை ஓர் ஊர் எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது குத்தம்பாக்கத்தின் கதை. திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே இருக்கும் ஊராட்சி அது. தலித் மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஊர். குடிசைகள், கள்ளச் சாராயம், சாதித் தகராறு என்று பெயர் வாங்கியிருந்த ஊரும்கூட. அங்கே பிறந்த தலித் இளைஞர் இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானியாக வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001-இல் மறுபடியும் வென்றார்.

அவர் முதலில் செய்தது கட்டடம் கட்டுவது அல்ல, கிராம சபையைக் கூட்டுவது. ஊருக்கு என்ன வேண்டும் என்று மக்களே பேசி ஐந்தாண்டுத் திட்டம் தயாரித்தார்கள். சாலை, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், வீடு என்று வேலைகள் வரிசைக்கு வந்தன. கால்வாய் வேலையை ஒப்பந்ததாரரிடம் விடாமல், அருகில் கிடைத்த கழிவுக் கற்களைக் கொண்டு, ஊர் ஆட்களையே வைத்துக் கட்டினார்கள். செலவு குறைந்தது; கூலி ஊருக்குள்ளேயே நின்றது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அங்கீகரிக்கப்பட்ட முறைப்படி வேலை செய்யவில்லை என்று தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது, இடைநீக்கம் விலகியது. ஒரு தலித் தலைவருக்காக ஊரும் சேரியும் ஒன்றாகக் கை தூக்கிய அந்தக் கூட்டம்தான், என்னைக் கேட்டால், குத்தம்பாக்கத்தின் பெரிய சாதனை. கால்வாய் அதற்கு அடுத்ததுதான்.

பிறகு வந்தவை இரட்டை வீடுகள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகள். ஒன்றில் தலித் குடும்பம், மற்றதில் தலித் அல்லாத குடும்பம். இப்படி 50 இரட்டை வீடுகள், 100 குடும்பங்கள். ஊர் மக்களே அழுத்திச் செய்த மண் கற்களால் அவை எழுந்தன. அரசின் சமத்துவபுரம் திட்டத்தில்தான் இது நடந்தது. அந்தத் திட்டம் 1997-இல் அறிவிக்கப்பட்டு, முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் அமைந்தது. நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்பது கணக்கு.

சமத்துவபுரங்களின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பல இடங்களில் அவை ஊருக்கு வெளியே புதிதாக முளைத்தன. பழைய ஊர் ஊராகவும், சேரி சேரியாகவும் அப்படியே இருந்தன. குத்தம்பாக்கத்திலும் பழைய தெருக்கள் மறைந்துவிடவில்லை. ஆனால் அங்கே வீட்டின் வடிவத்தை ஊரே பேசி முடிவு செய்தது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் சுவர் வழியே கேட்கும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆம்பூருக்கு அருகே மலைமேல் இருக்கும் நாயக்கனேரி ஊராட்சியில், 2021 தேர்தலின்போது தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊராட்சி அது. எதிர்ப்பு எழுந்தது, தேர்தல் புறக்கணிக்கப்பட்டது. மனு போட்ட ஒரே பெண் போட்டியின்றித் தேர்வானார். ஆனால் வழக்கு, எதிர்ப்பு என்று ஆண்டுகள் ஓடின. அவரால் பதவியேற்க முடியவில்லை. ஒதுக்கீடு சரியா என்று கேட்கப் பழங்குடி மக்களுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆணையத்திடம் கேட்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்தக் கோபத்தை ஒரு பெண்ணின் வாசலில் கொண்டுபோய் இறக்குவது என்ன நியாயம்? ஒடுக்கப்பட்ட இரண்டு மக்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றால் அந்த மலைக்குச் சாலை கேட்பது யார்?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததையும் இந்த மாவட்டம் மறந்திருக்காது. சுடுகாட்டுக்குப் போகும் வழி நிலத்துக்காரர்களால் அடைபட்டதால், ஒரு தலித் முதியவரென்றும் சொல்ல முடியாத நடுவயதுக்காரரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படம் வெளியான பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நிர்வாகம் தனி இடம் ஒதுக்கியது. செத்தவருக்கும் ஒரு காலனி! பிரச்சினை வழி. கிடைத்த தீர்வு இன்னொரு தனி இடம். கிராம சபையில் 'வழி' என்று ஒரு தீர்மானம் முன்பே பதிவாகி, வார்டு உறுப்பினர்கள் அதன் பின்னால் நின்றிருந்தால், கயிறு தேவைப்பட்டிருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தீர்மானம் எப்படிப் பதிவாகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது, குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்றி நடத்த வேண்டும் என்று அரசே ஒவ்வொரு முறையும் சொல்கிறது. நகராட்சிப் பகுதிகளான ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூரில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. 2022 விதிகளின்படி வந்தது அது. முதல் பகுதி சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூடின. வார்டு கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் இருக்கிறது. கடைத்தெருவுக்குக் கழிப்பறை, சந்தைக்குக் கூரை, தொழிற்சாலை விட்டு இரவில் திரும்பும் பெண்கள் நடக்கும் சாலைக்கு விளக்கு எல்லாவற்றையும் கேட்க வேண்டிய இடம் அது.

கூட்டத்தில் நாற்காலியும் முக்கியம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை 2020-இல் நாடே பார்த்தது.

இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். கூட்டம் கோயில் மண்டபத்தில். எங்கள் மக்கள் வழக்கம்போல் வெளியே சாலையில் நின்றிருந்தார்கள். பதிவேடு மட்டும் வெளியே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் செல்போனில் அரசின் சுற்றறிக்கையை எடுத்து, "சார், இங்க நடத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று செயலாளரிடம் காட்டினாள். சத்தம் போடவில்லை. செயலாளர் படித்தார், தலைவரைப் பார்த்தார். ஒரு வார்டு உறுப்பினர், அவர் எங்கள் தெருக்காரர் அல்ல, "பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கலாம், அங்க மரமும் இருக்கு" என்றார். சிலர் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். பள்ளித் திடலில் கூட்டம் மறுபடி தொடங்கியபோது குறைவெண்ணுக்குப் பதினோரு பேர் குறைந்தார்கள். தெருவுக்கு ஆள் அனுப்பிக் கூட்டி வந்தோம். அன்று பதிவான முதல் தீர்மானம், பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரை ஆறு விளக்குக் கம்பங்கள். நான்கு வந்துவிட்டன.