கழுத்து முறிந்தும் கோலைக் காத்தவர்!



பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆடும்போது, 'நான் கோல் கீப்பராக நிற்கிறேன்' என்று உங்களில் எத்தனை பேர் முன்வருவீர்கள்? ரொம்பக் குறைவுதான், இல்லையா? கோல் அடித்தவனை எல்லாரும் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். பந்தை விட்டுவிட்டால், திட்டு வாங்குவது கோல் கீப்பர்!

ஆனால், ஒரு பந்தைக்கூடப் பிடிப்பதற்கு முன்பே, ஒரு ஊரே எதிர்த்த கோல் கீப்பர் ஒருவர் இருந்தார். அவர் பெயர், பெர்ட் டிராட்மன்.

1923ல், ஜெர்மனியின் பிரெமென் நகரில் பிறந்தவர் இவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது இவருக்கு வயது 9. அந்த ஆட்சியில், சின்னஞ்சிறு பிள்ளைகளின் மனதில்கூட யூதர்கள் மீது வெறுப்பு விதைக்கப்பட்டது. டிராட்மனும் அப்படித்தான் வளர்ந்தார். 17 வயதில் படையில் சேர்ந்தார். பாராசூட் வீரராக ரஷ்யப் போர்முனையில் சண்டையிட்டார். 1945ல் பிடிபட்டு, இங்கிலாந்தில் ஒரு போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார்.

யூதர்களை ஹிட்லரின் ஆட்கள் அடைத்து வைத்துக் கொன்ற முகாம்களைப் பற்றிய படம் ஒன்று, கைதிகளுக்குக் காட்டப்பட்டது. தான் நம்பியதெல்லாம் எவ்வளவு பெரிய தவறு என்பதை டிராட்மன் மெல்ல மெல்ல உணர்ந்தார். தன் உண்மையான கல்வி இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

முகாமில் கைதிகள் கால்பந்து ஆடுவதுண்டு. ஒருநாள் ஆட்டத்தில் டிராட்மனுக்கு அடிபட்டது. ஓட முடியாததால், கோல் கீப்பருடன் இடம் மாற்றிக் கொண்டார். அன்று கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவர், அதன்பின் அந்த இடத்தை விடவே இல்லை!

1948ல் விடுதலை கிடைத்தும் ஊர் திரும்பாமல், ஒரு சிறிய அணியில் ஆடினார். 1949ல், புகழ்பெற்ற 'மான்செஸ்டர் சிட்டி' அணி அவரை அழைத்தது. அவ்வளவுதான்... ஊரே கொதித்தது!

'எதிரிப்படை வீரனுக்கு நம் அணியில் இடமா?' என்று ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1940 டிசம்பரில், ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டர் மீது குண்டு மழை பொழிந்து, நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தன.

அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. அலெக்சாண்டர் ஆல்ட்மன் என்ற யூத மதகுரு, பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இவர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, ஜெர்மனியிலிருந்து மான்செஸ்டர் வந்தவர். இவரது பெற்றோர் ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்டனர். கோபப்பட இவரைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனால் அவரோ, 'ஒரு நாடு செய்த குற்றத்துக்காகத் தனி மனிதன் ஒருவனைத் தண்டிக்கக் கூடாது. அவனவன் குணத்தைப் பார்த்தே எடை போட வேண்டும்' என்ற கருத்தில் எழுதினார். எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

1950 ஜனவரியில், லண்டனில் புல்ஹாம் அணியுடன் ஆட்டம். எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டு டிராட்மனைக் கேலி செய்தனர். அவரோ பந்துகளைப் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். சிட்டி அணி 0-1 என்று தோற்றது. ஆனால், ஆட்டம் முடிந்ததும் அதே ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினர்!

1956 மே 5. லண்டன் வெம்பிளி மைதானத்தில், எப்.ஏ., கோப்பை இறுதிப் போட்டி. பர்மிங்ஹாம் சிட்டிக்கு எதிராக, 3-1 என்று மான்செஸ்டர் சிட்டி முன்னணியில் இருந்தது. ஏறத்தாழ 17 நிமிடங்களே பாக்கி. எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார் டிராட்மன். அந்த வீரரின் முழங்கால் அவர் கழுத்தில் பலமாக மோதியது. சுருண்டு விழுந்தார்.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதி இல்லை. தள்ளாடியபடி எழுந்து நின்று, கடைசி வரை கோலைக் காத்தார். கோப்பை கிடைத்தது!

நான்கு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான், கழுத்து எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. நொறுங்கிய எலும்பை அடுத்த எலும்பு முட்டுக் கொடுத்ததால் உயிர் தப்பினார்.

ஒன்றை மறக்காதீர்கள், குழந்தைகளே! கழுத்திலோ தலையிலோ அடிபட்டால், உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். டிராட்மனின் துணிச்சலைப் பாராட்டலாம். இதில் மட்டும் அவரைப் பின்பற்றக் கூடாது!

பல மாதம் ஓய்வெடுத்து, மீண்டும் களமிறங்கினார். 1964 வரை அந்த அணிக்காக 545 போட்டிகளில் ஆடினார். பிறகு பர்மா, பாகிஸ்தான் போன்ற நாடுகளுக்குச் சென்று கால்பந்து கற்றுக் கொடுத்தார். ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் நட்பை வளர்த்ததற்காக, 2004ல் பிரிட்டிஷ் அரசு விருது வழங்கியது. 2013ல், தன் 89ம் வயதில் மறைந்தார்.

டிராட்மன் தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை. ஆனால், அந்த மதகுரு கடிதம் எழுதாமல் இருந்திருந்தால், அவருக்கு மைதானத்தில் நிற்கவே இடம் கிடைத்திருக்குமா?

உங்கள் வகுப்புக்கும் புதிதாக ஒரு மாணவர் வரலாம். அவர் ஊரையோ, குடும்பத்தையோ சொல்லி மற்றவர்கள் ஒதுக்கலாம். அப்போது, 'வா, எங்களோடு விளையாடு' என்று முதலில் அழைப்பவர் நீங்களாக இருப்பீர்களா?

<b>தெரியுமா?</b>

* இவரது முழுப்பெயர் பெர்ன்ஹார்ட். ஆங்கிலேயர் வாயில் நுழையாததால், 'பெர்ட்' ஆனார்.

* 1956ல், இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வானார். அந்த விருதைப் பெற்ற முதல் கோல் கீப்பர் இவர்தான்!

* இவ்வளவு புகழ் பெற்றும், ஜெர்மனியின் தேசிய அணிக்காக ஒரு போட்டியில்கூட ஆடியதில்லை.